காலி பிளாட்டை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லோருக்கும் காட்டுவது எப்படி? (சென்னை, மடிப்பாக்கம்)

பெங்களூர்வாசி எழுதியது:

வணக்கம். மடிப்பாக்கத்தில் இருக்கும் எங்கள் டூ பெட்ரூம் பிளாட்டை விற்கப்போகிறோம். ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் உள்ள, கார் நிறுத்தும் தரைத்தளம்) போக மூன்று மாடி, அதில் இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு. 2011-ல் கட்டியது. சூப்பர் பில்டப் (பொது இடங்களின் பங்கும் சேர்த்த அளவு) 960 சதுர அடி, யுடிஎஸ் (மனையில் எங்கள் பிரிக்கப்படாத பங்கு) 440 சதுர அடி, கிழக்குப் பார்த்த வாசல், மூடிய கார் பார்க்கிங் ஒன்று. குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டதால் வீடு பூட்டிக் கிடக்கிறது. வங்கிக் கடன் சுமார் 9 லட்சம் பாக்கி; அசல் பத்திரங்கள் வங்கியில் இருக்கின்றன. கேட்கும் விலை 68 லட்சம்.

நாங்கள் இருப்பது பெங்களூரில். புரோக்கர்கள் ஆளுக்கொரு நேரத்தில் ஆட்களைக் கூட்டிவருகிறேன் என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ரயிலேறி வர முடியாது. சாவியை வாட்ச்மேனிடம் விட்டுவைக்கவும் மனமில்லை. வெளிநாடுகளில் ‘ஓப்பன் ஹவுஸ்’ வைப்பதுபோல ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரவழைத்துக் காட்டிவிடலாம் என்று நினைக்கிறோம். நம் ஊரில் இது நடக்குமா? எந்த நேரம் சரி? வீட்டை எப்படித் தயார்செய்ய வேண்டும்? அன்றைக்கே விலை பேசலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

தென்சென்னை ரீசேல் எழுதியது:

தாராளமாக நடக்கும். ஆனால் அங்கே செய்வதுபோல் போர்டு மாட்டிக் கதவைத் திறந்துவைத்து, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று இங்கே செய்யாதீர்கள். அசோசியேஷன் ஒத்துக்கொள்ளாது. வேடிக்கை பார்க்க வருபவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். நேரம் கொடுத்து வரவழையுங்கள்.

காலை 9.30 முதல் 12 வரை வையுங்கள். காரணம் உண்டு. ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம், பகல் 12 முதல் 1.30 வரை எமகண்டம். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வாங்க வருபவரின் அம்மா பார்ப்பார். காலையில் அந்தக் கவலை எதுவும் இல்லை. அப்படியே சனிக்கிழமை வைப்பதானால் 10.30-க்கு மேல்தான், அன்று காலை 9 முதல் 10.30 வரை ராகு காலம். ஆடியிலும் மார்கழியிலும் வீடு பார்க்க வருவார்கள், அட்வான்ஸ் கொடுக்கமாட்டார்கள். அவசரமில்லை என்றால் அந்த இரண்டு மாதத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டரை மணி நேரத்தை அரைமணி வீதம் ஐந்தாகப் பிரியுங்கள். ஒவ்வொரு அரைமணிக்கும் இரண்டு குடும்பம். 960 சதுர அடி வீட்டில் மூன்றாவது குடும்பம் நுழைந்தால் யாருமே நின்று பார்க்க முடியாது. பாத்ரூம் வாசலில் வரிசை நிற்கும், கேள்வி கேட்க வந்தவர் கேட்காமலே போவார். ஒரே ஒரு குடும்பத்தை மட்டும் அழைத்தால், அவர்கள் வராவிட்டால் அந்த அரைமணி வீண். இரண்டு குடும்பம் என்றால் இன்னொருவரும் இந்த வீட்டைப் பார்க்கிறார் என்பது தானாகத் தெரியும். அதை நீங்கள் வாயால் சொல்லத் தேவையில்லை. சொன்னால் நம்பவும் மாட்டார்கள்.

விளம்பரம் எட்டு பத்து நாள் முன்னால் போகவேண்டும். 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், நோபுரோக்கர் மூன்றிலும் ஒரே விலை, ஒரே அளவு போடுங்கள். ஒன்றில் 68, இன்னொன்றில் 70 என்று இருந்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். விளம்பரத்தில் யுடிஎஸ், கட்டிய ஆண்டு, மாடி, வாசல் திசை, மாத மெயின்டனன்ஸ், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் இருக்கட்டும். இவற்றை மறைத்தால் நாற்பது போன் வரும், நாற்பதும் இதையே கேட்கும். படங்களைக் காலை வெளிச்சத்தில், எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து, நெஞ்சு உயரத்தில் போனைக் கிடைமட்டமாகப் பிடித்து எடுங்கள். பன்னிரண்டு படம் போதும். அறைகளின் உள்ளளவு எழுதிய தரைப்படம் ஒன்று சேருங்கள். கையால் வரைந்ததே போதும்.

போனில் பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள். கடன் போடுகிறார்களா, சொந்தப் பணமா? கடன் என்றால் எவ்வளவு கிடைக்கும் என்று வங்கியில் பேசியாயிற்றா? வீட்டில் முடிவெடுப்பவர் அன்று கூட வருகிறாரா? கடைசிக் கேள்விதான் முக்கியம். கணவர் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனால் மனைவிக்காக இன்னொரு முறை நீங்கள் பெங்களூரிலிருந்து வரவேண்டும். கதவு எண்ணை விளம்பரத்தில் போடாதீர்கள். நேரம் உறுதியானவர்களுக்குச் சனிக்கிழமை மாலை லொகேஷன் அனுப்பி, அப்போதே ஒரு போனும் செய்துவிடுங்கள். அந்த போனில்தான் யார் நிஜமாக வருகிறார் என்பது தெரியும்.

அசோசியேஷன் செயலாளருக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். கேட்டில் பதிவு ஆப் இருந்தால் வருபவர்களின் பெயரை முன்னாலேயே ஏற்றிவையுங்கள். வாட்ச்மேன் ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரித்தால் கேட்டிலேயே முகம் சுருங்கிவிடும். வாசலில் ஒரு மிதியடியும் செருப்பு ஸ்டாண்டும் வையுங்கள். பத்துக் குடும்பத்துச் செருப்பு எதிர்வீட்டு வாசலில் கிடந்தால், அந்த எதிர்வீட்டுக்காரரே வருபவர்களிடம் உங்கள் கட்டடத்தைப் பற்றி ஏதாவது சொல்லி அனுப்புவார்.

உங்கள் கார் பார்க்கிங் அன்று கட்டாயம் காலியாக இருக்கவேண்டும். உங்கள் காரையும் அங்கே விடாதீர்கள். வருபவர்களை ஒருமுறை தங்கள் காரை அதில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டில்ட் பார்க்கிங்கில் இரண்டு தூணுக்கு நடுவே கதவைத் திறந்து இறங்க முடிகிறதா என்பதில் நிறைய பேரம் கெட்டுப்போகிறது. தூணுக்குத் தூண் எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்து, தரும் தாளில் எழுதிவிடுங்கள்.

சுற்றிக் காட்டும் வரிசை: ஹால், பால்கனி, சமையலறை, படுக்கையறைகள், பாத்ரூம்கள். பிறகு கீழே சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), போர், மோட்டார், மேலே மொட்டைமாடி டேங்க். கடைசியில் மறுபடி ஹாலில் உட்காரவைத்துப் பத்திர நகல் கோப்பைக் காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் பின்னாலேயே நடந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். படுக்கையறைக்குள் அவர்கள் தனியாகப் போய் இரண்டு நிமிடம் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். கட்டில் எங்கே போடுவது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் நல்ல அறிகுறி.

விலையை அன்று பேசவேண்டாம் என்பது என் கருத்து. “68 கேட்கிறோம், இன்று எல்லோரும் பார்த்து முடிக்கட்டும், செவ்வாய் மாலைக்குள் உங்கள் விலையை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்” என்று எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள். ஒருவரிடம் 66 என்று வாய்தவறிச் சொன்னால், பக்கத்து அறையில் இருப்பவருக்கும் அதுதான் விலை.

*

கட்டடப் பொறியாளர் எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி. நான் காலி வீட்டைப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குன்னு தனிப் பிரச்சினை இருக்கு.

முதல்ல நாத்தம். பாத்ரூம் தரையில இருக்கிற நானி டிராப்ல (தண்ணி வடியற ஜல்லடைக்குக் கீழே இருக்கிற கிண்ணம்) ரெண்டு இஞ்ச் தண்ணி எப்பவும் நிக்கணும். அதுதான் கழிவுக் குழாய்க் காத்தை மேல வரவிடாம தடுக்குது. வீடு பூட்டியிருந்தா சில வாரத்துல அந்தத் தண்ணி காஞ்சிடும். அப்புறம் சாக்கடை வாடையும் கரப்பானும் அது வழியாத்தான் வரும். ரூம் ஸ்ப்ரே அடிச்சா ரெண்டும் கலந்து இன்னும் மோசமாகும். பாத்ரூம், பால்கனி, வாஷிங் மெஷின் வைக்கிற இடம் எல்லாத்துலயும் ஒவ்வொரு டிராப்லயும் ரெண்டு மக்கு தண்ணி ஊத்துங்க. மேல ரெண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டா தண்ணி சீக்கிரம் ஆவியாகாது. அடுத்த தடவை நீங்க வர்ற வரைக்கும் தாங்கும். வெஸ்டர்ன் டாய்லெட்டையும் ஃப்ளஷ் பண்ணிவிடுங்க, அதுலயும் இதே கதைதான்.

குழாய்களை முந்தின நாள் பத்து நிமிஷம் திறந்துவிடுங்க. தேங்கின தண்ணி பழுப்பா வரும். வாங்க வர்றவர் கண்டிப்பா சமையலறைக் குழாயைத் திறப்பார். பழுப்புத் தண்ணியைப் பார்த்தா போர் தண்ணியே இப்படித்தான்னு முடிவு கட்டிடுவார். குழாய் முனையில இருக்கிற வலையைக் கழட்டிக் கழுவி மாட்டுங்க. கீசர், எல்லா சுவிட்ச், எல்லா பிளக் பாயின்ட்டும் வேலை செய்யுதான்னு ஒரு போன் சார்ஜரை வெச்சுப் பார்த்துடுங்க. வர்றவங்க போட்டுப் பார்ப்பாங்க.

இப்போ ஓதம். கட்டி இவ்வளவு வருஷம் ஆன கட்டடத்துல பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவர்ல, அதாவது பெட்ரூம் பக்கம், தரையிலிருந்து ரெண்டு மூணு அடி உயரத்துக்கு பெயின்ட் உப்பியிருக்கும், இல்லேன்னா வெள்ளையா உப்பு பூத்திருக்கும். இதைச் சுரண்டி பட்டி பார்த்து மேல பெயின்ட் அடிச்சு மறைக்காதீங்க. உள்ளே ஈரம் இருக்கிற சுவர்ல அடிச்ச பெயின்ட் சில வாரத்துல கொப்புளம் விடும். அது சரியா வங்கி மதிப்பீட்டாளர் வர்ற நேரமா அமையும். ஒரு சோதனை இருக்கு. ஒரு அடிக்கு ஒரு அடி கெட்டி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவர்ல ஒட்டி ஒரு நாள் விடுங்க. சுவர் பக்கம் நீர்த்துளி நின்னா உள்ளேயிருந்து ஈரம் வருது. வெளிப்பக்கம் நின்னா காத்துல இருக்கிற ஈரம்தான், ஜன்னல் திறந்து வெச்சாப் போதும்.

உள் ஈரம்னா பெரும்பாலும் டைல்ஸ் ஜாயின்ட்தான் காரணம். பழைய ஜாயின்ட்டைக் கீறி எடுத்துட்டு எபாக்ஸி (தண்ணி புகாத பூச்சுக் கலவை) போட்டு, ரெண்டு மூணு நாள் தண்ணி படாம விடுங்க. அதுக்கப்புறம் சுவர் காய மூணு நாலு வாரம் ஆகும். பெயின்ட் அதுக்குப் பிறகு. அவ்வளவு நேரம் இல்லேன்னா பெயின்ட் அடிக்காமலே காட்டுங்க, “ஜாயின்ட் போட்டாச்சு, சுவர் காஞ்சுட்டு இருக்கு”ன்னு நேராச் சொல்லுங்க, பில்லையும் காட்டுங்க. அதைக் கேட்டு யாரும் ஓடமாட்டாங்க. புதுசா ஒரே ஒரு சுவர்ல மட்டும் பெயின்ட் அடிச்சிருந்தாத்தான் சந்தேகப்படுவாங்க.

இதைவிட முக்கியமா ஒண்ணு. நீங்க ரெண்டாவது மாடி. உங்க பாத்ரூமுக்கு நேர் கீழே முதல் மாடி வீட்டு பாத்ரூம் சீலிங். விவரம் தெரிஞ்சவங்க கீழ்வீட்டுக்குப் போய் பெல் அடிச்சு “மேலேயிருந்து கசியுதா?”ன்னு கேட்பாங்க. அதுக்கு முன்னாடி நீங்களே போய்ப் பாருங்க. கசிவு இருந்தா உங்க செலவுல சரிபண்ணிட்டு, அப்புறம் தேதி வையுங்க.

முழு வீட்டுக்கும் பெயின்ட் தேவையான்னு கேட்டா, ஹாலும் சமையலறையும் போதும்னுதான் சொல்வேன். முழுசா அடிக்கிறதுன்னா இந்த அளவு வீட்டுக்குச் சுவரும் சீலிங்கும் சேர்த்து ஏறக்குறைய 3000 சதுர அடி வரும். ரெண்டு கோட் எமல்ஷனுக்கு 20 முதல் 25 லிட்டர் ஆகும். வெளிர் நிறம் மட்டும். வாடை போக பத்து நாளாவது விடணும்.

விளக்கு எல்லாம் ஒரே நிறமா இருக்கட்டும். ஹால்ல வெள்ளை, பெட்ரூம்ல மஞ்சள், பாத்ரூம்ல நீலம் கலந்ததுன்னு இருந்தா சுவர் நிறமே ஒவ்வொரு இடத்துல ஒவ்வொண்ணாத் தெரியும். எல்லா இடத்துலயும் 4000 கெல்வின், ஹாலுக்கு 20 வாட் ட்யூப் ரெண்டு, மத்த அறைக்கு ஒண்ணு. பகல்லயும் எல்லாத்தையும் போட்டே வையுங்க.

சாமான் இல்லாத அறை சின்னதாத்தான் தெரியும், ஏன்னா எதை வெச்சு அளக்கிறதுன்னு கண்ணுக்குத் தெரியாது. கட்டில் வாங்கிப் போட வேண்டாம். தரையில மாஸ்கிங் டேப்பால 5 அடிக்கு 6.5 அடி ஒரு கட்டம் ஒட்டுங்க. குவீன் சைஸ் கட்டில் அவ்வளவுதான். சுத்தி எவ்வளவு நடைபாதை மிஞ்சுதுன்னு அவங்களே பார்த்துக்குவாங்க. சமையலறையில ஃபிரிட்ஜ் இடத்துக்கும் அப்படியே ஒரு கட்டம். ஹால்ல நாலு பிளாஸ்டிக் சேர், ஒரு மேஜை, ஜன்னலுக்குத் திரை. திரை இருந்தா எதிரொலி குறையும். காலி ஹால்ல நாலு பேர் பேசினா காது வலிக்கும்.

வாசல்ல கோலம், பூஜை ஷெல்ஃப்ல ஒரு விளக்கு. போதும். ஊதுபத்தி, சாம்பிராணி புகை மண்ட வெச்சா ஏதோ வாடையை மறைக்கிறாங்கன்னு நினைப்பாங்க.

*

பத்திரக்கோப்பு எழுதியது:

வீடு எவ்வளவு பிடித்தாலும் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ். அன்று மேஜைமேல் ஒரு கோப்பு இருக்கவேண்டும். “வங்கியில் இருக்கிறது, அப்புறம் அனுப்புகிறேன்” என்ற பதிலோடு வந்தவரின் ஆர்வம் பாதியாகிவிடும்.

அசல் வங்கியில் இருப்பது தடையே இல்லை. வங்கியிடம் எழுத்தில் கேட்டால் தங்களிடம் உள்ள ஆவணங்களின் பட்டியலைக் கொடுப்பார்கள்; எல்ஓடி என்பார்கள். அதையும், கடன் பாக்கிக் கணக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சில நாட்கள் ஆகும் என்பதால் விளம்பரம் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கோப்பில் இருக்கவேண்டியவை: உங்கள் கிரயப் பத்திர நகல், மூலப் பத்திர நகல்கள், நிலத்தின் பட்டா, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி பெற்ற வரைபடம், கட்டட நிறைவுச் சான்று இருந்தால் அதுவும், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, கடைசிச் சொத்துவரி ரசீது, தண்ணீர் வரி ரசீது, மின்கட்டண ரசீது, அசோசியேஷனில் பாக்கி இல்லை என்ற கடிதம். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். நிகழ்ச்சிக்கு ஓரிரு நாள் முன்னால் எடுத்த புதிய நகலாக இருக்கட்டும்.

அந்த வில்லங்கத்தில் உங்கள் வங்கியின் அடமானப் பதிவும் தெரியும். வருபவர் அதைக் கண்டு திடுக்கிடுவதற்கு முன் நீங்களே விரல் வைத்துக் காட்டி, எப்படித் தீரும் என்று சொல்லிவிடுங்கள். வாங்குபவரின் வங்கி 9 லட்சத்தை நேராக உங்கள் வங்கிக்குக் கட்டும், மிச்சம் உங்களுக்கு வரும். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5000 ரூபாய் இழப்பீடு. அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணமும் பதிவாக வேண்டும். அதுவரை வில்லங்கத்தில் கடன் நிற்பதுபோலவே தெரியும்.

இரண்டு இடத்தில் தடுக்கும். ஒன்று, கார் பார்க்கிங் உங்கள் கிரயப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பில்டர் வாய்மொழியாகக் காட்டிய இடம் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். இரண்டு, பத்திரத்தில் உள்ள யுடிஎஸ்ஸும் விளம்பரத்தில் போட்டதும் ஒன்றாக இருக்கவேண்டும். பத்திரத்தில் 436 என்றிருந்து நீங்கள் 440 என்று போட்டால், நான்கு சதுர அடிக்காக உங்கள் மற்ற எண்களையும் சந்தேகிப்பார்கள்.

நகல்களை யாருக்கும் கொடுத்தனுப்பாதீர்கள். மேஜையில் பார்க்கட்டும். ஆதார் எண், பான் எண், கையெழுத்து உள்ள பக்கங்களை மறைத்து நகலெடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே “பார்வைக்கு மட்டும்” என்று தேதியோடு எழுதிவிடுங்கள். விலை பேசி முடிந்தபின் அவர்களுடைய வழக்கறிஞருக்கு முழு நகல் கொடுத்தால் போதும்.

வாங்குபவரின் செலவையும் ஒரு வரியில் சொல்லத் தயாராக இருங்கள். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் (வருமானவரிப் பிடித்தம்) பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டவேண்டும். நீங்கள் இருவர் பெயரில் வாங்கியிருந்தால் இருவருக்கும் தனித்தனியாக.

*

பெங்களூர்வாசி எழுதியது:

மிக்க நன்றி. கீழ்வீட்டைப் பார்க்கவேண்டும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. இன்னும் மூன்று சந்தேகம். வெள்ளத்தைப் பற்றிக் கேட்பார்கள். 2015-ல் தெருவிலும் ஸ்டில்ட்டிலும் தண்ணீர் நின்றது. 2023 மிக்ஜாம் புயலின்போதும் ஸ்டில்ட்டில் ஓரளவு ஏறியது. வீட்டுக்குள் வரவில்லை. எவ்வளவு சொல்வது? இரண்டாவது, புரோக்கர்களை அன்று அனுமதிக்கலாமா? மூன்றாவது, போனில் திசைகாட்டி வைத்துப் பார்த்த ஒருவர் வாசல் வடகிழக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். பத்திரத்தில் கிழக்கு என்றுதான் இருக்கிறது.

*

தென்சென்னை ரீசேல் எழுதியது:

வெள்ளத்தை முழுசாகச் சொல்லுங்கள். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் வீடு பார்ப்பவர்கள் எல்லோரும் அந்தக் கேள்வியோடுதான் வருவார்கள். நீங்கள் மழுப்பினாலும் தெருமுனை இஸ்திரிக்காரர் சொல்லிவிடுவார். ஸ்டில்ட் தூணில் எந்த ஆண்டு எவ்வளவு உயரம் என்று கைவைத்துக் காட்டுங்கள். அடுத்தடுத்து வரும் கேள்விகளுக்கும் பதில் வைத்திருங்கள்: கார்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள், மின் மீட்டர் பலகை எந்த உயரத்தில் இருக்கிறது, லிஃப்ட் குழியில் தண்ணீர் புகுந்ததா, சம்ப்பில் வெள்ளநீர் கலந்ததா, மின்சாரம் எத்தனை நாள் இல்லை. அதற்குப் பிறகு அசோசியேஷன் மீட்டர் பலகையை உயர்த்தியிருந்தாலோ சம்ப் வாயைத் தூக்கிக் கட்டியிருந்தாலோ அதையும் காட்டுங்கள். இரண்டாவது மாடி என்பது இங்கே உங்களுக்குப் பெரிய பலம். உண்மையைச் சொன்னால்தான் அந்தப் பலம் வேலை செய்யும்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். போர் எத்தனை அடி, மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, கடந்த கோடையில் மாதம் எத்தனை லாரி வாங்கினார்கள் என்று அசோசியேஷன் கணக்கிலிருந்து எழுதிவாருங்கள். மெட்ரோ ரயிலின் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் மடிப்பாக்கம் வழியாகப் போகிறது. உங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று ஒருமுறை நடந்து பார்த்து நிமிடக் கணக்கில் சொல்லுங்கள். எப்போது ரயில் ஓடும் என்று நீங்கள் தேதி சொல்லவேண்டாம்.

புரோக்கர்களை அன்று அனுமதிக்கலாம், ஆனால் தனி நேரம். கடைசி அரைமணியை அவர்களுக்கு ஒதுக்குங்கள். நேராக வந்தவர்களோடு கலந்தால் வாசலிலேயே கார்டு கொடுத்து, “இதைவிட நல்ல வீடு இருக்கிறது” என்று கூட்டிப்போய்விடுவார்கள். கமிஷன் எவ்வளவு என்பதை முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். எந்தப் புரோக்கர் யாரைக் கூட்டிவந்தார் என்று நோட்டில் நேரத்தோடு குறியுங்கள். ஒரே ஆளை இரண்டு புரோக்கர் தங்கள் பார்ட்டி என்பது பிறகு பெரிய தகராறாகும்.

திசை: லிஃப்ட் கதவு, இரும்புக் கேட், ஜன்னல் கிரில் பக்கத்தில் போன் திசைகாட்டி விலகிக் காட்டும். ஹால் நடுவில், இரும்பிலிருந்து நாலைந்து அடி தள்ளி நின்று, போனை எட்டு வடிவில் சுழற்றிய பிறகு பார்க்கச் சொல்லுங்கள். அதைவிட உறுதியானது அனுமதி பெற்ற வரைபடத்தில் உள்ள வடக்கு அம்புக்குறி. அந்தப் பக்கத்தைக் கோப்பில் மேலாக வையுங்கள்.

*

நங்கநல்லூர் எழுதியது:

விலையை அன்னைக்குப் பேசவே கூடாதுங்கிறதை நான் ஒத்துக்கமாட்டேன். நம்ம ஊர்ல வீடு பிடிச்சுப்போன குடும்பம் கையோட டோக்கன் கொடுக்கணும்னு நினைக்கும். செவ்வாய்க்கிழமை வரைக்கும் காத்திருங்கன்னா அதுக்குள்ள வேற மூணு வீடு பார்த்துடுவாங்க. உங்களோட கடைசி விலை என்னன்னு கணவன் மனைவி ரெண்டு பேரும் முந்தின ராத்திரியே முடிவு பண்ணிட்டு வாங்க. எல்லாரும் போன பிறகு, 12 மணிக்கு மேல, ஆர்வமா இருந்தவங்களை மட்டும் திரும்பக் கூப்பிட்டுப் பேசுங்க. எமகண்டம் பார்க்கிறவங்கன்னா ஒண்ணரைக்கு மேல. வீட்டுக்குள்ள, உட்கார்ந்து, ரெண்டு தரப்பும் மட்டும்.

அப்புறம் பாதுகாப்பு. ரெண்டு பேர் வேணும், ஒருத்தர் வாசல்ல நோட்டோட, ஒருத்தர் உள்ளே. பேர், போன் நம்பர், எந்த ஏரியாவிலிருந்து வர்றாங்க, எதைப் பார்த்து வந்தாங்கன்னு நாலு காலம். குழந்தைகளோட வருவாங்க, பால்கனி கிரில் ஆடுதான்னு முன்னாடியே பார்த்துடுங்க. வீடியோ எடுக்க விடலாம். ஆனா அந்தப் படத்தை வெச்சே “வாடகைக்கு” விளம்பரம் போட்டு அட்வான்ஸ் பிடுங்குறவங்க இருக்காங்க. விற்பனை முடியற வரைக்கும் வாரம் ஒரு தடவை உங்க ஏரியா வாடகை விளம்பரங்களைப் பாருங்க. நேர்ல வராமலே “பிடிச்சிருக்கு, அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க”ன்னு யாராவது சொன்னா போனை வெச்சுடுங்க. பணம் வாங்கறதுக்கு எதையும் ஸ்கேன் பண்ணவேண்டியதில்லை.

*

பத்திரக்கோப்பு எழுதியது:

அன்றே டோக்கன் வாங்குவதானால் ஒரு திருத்தம். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரும். காசோலை அல்லது வங்கி வழி மட்டும். ரசீது ஒரு பக்கம் போதும். பிளாட் விவரம், பேசிய மொத்த விலை, டோக்கன் தொகை, எத்தனை நாளுக்குள் ஒப்பந்தம், ஆவணம் சரியில்லை என்று அவர்கள் வழக்கறிஞர் சொன்னால் பணம் முழுதும் திரும்பும், அவர்களாக விலகினால் என்ன ஆகும், அடமானம் இருப்பது தெரிந்தே பேசினோம் என்ற வரி. இவ்வளவும் இருக்கவேண்டும். டோக்கன் சிறு தொகையாகவே இருக்கட்டும், காலக்கெடு பதினைந்து நாளைத் தாண்டவேண்டாம்.

கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தால் அது வில்லங்கத்தில் ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிறகு அவர் வாங்கவில்லை என்றால், ரத்துப் பத்திரத்தில் அவரும் கையெழுத்துப் போடவேண்டும். அவர் வராமல் இழுத்தடித்தால் அடுத்தவருக்கு விற்பது சிக்கலாகும். அதனால் ஒப்பந்தத்துக்குப் போகும்முன் அவருடைய வங்கியின் கடன் ஒப்புதல் கடிதத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

*

தென்சென்னை ரீசேல் எழுதியது:

நங்கநல்லூர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எல்லோரும் போன பிறகு, தனியாக என்றால் எனக்கும் சம்மதம். எல்லோர் முன்னாலும் பேசவேண்டாம் என்பதுதான் என் பயம்.

திங்கட்கிழமையே எல்லோருக்கும் போன் செய்யுங்கள், பிடிக்காதவர்களுக்கும். “எது தடுத்தது?” என்று மட்டும் கேளுங்கள், வாதாடாதீர்கள். போனே அதிகம் வரவில்லை என்றால் விலையோ படமோதான் கோளாறு. போன் வந்தும் ஆள் வரவில்லை என்றால் தூரம், தெரு, வெள்ளம் என்று ஏதோ ஒன்றை விளம்பரத்தில் சொல்லாமல் போனில் சொல்லியிருக்கிறீர்கள். வந்தும் யாரும் விலை சொல்லவில்லை என்றால் வீட்டுக்குள் ஏதோ இருக்கிறது. மூன்று பேர் அதே குறையைச் சொன்னால் அதைச் சரிசெய்துவிட்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு ஞாயிறு வையுங்கள். இரண்டாவது முறை விளம்பரத்தைப் புதுப் படங்களோடு புதிதாகப் போடுங்கள். பழையதையே தூசிதட்டிப் போட்டால் ‘இன்னும் விற்காத வீடு’ என்ற பெயர் வந்துவிடும்.

கிளம்பும்முன் டிராப்களில் தண்ணீரும் எண்ணெயும் ஊற்றி, மெயின் வால்வை மூடிவிட்டுப் போங்கள்.